மெக்கானிக்கல்ல இருந்து ஹார்டுவேர், சாஃப்ட்வேர் பக்கம் தாவினவங்க இருக்கீங்களா? வழி சொல்லுங்க

#1 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷமா மெக்கானிக்கல் டிசைன்ல இருக்கேன். ஷீட் மெட்டல் பிராக்கெட், ஃபிக்ஸ்சர், எப்பவாவது அதிர்ஷ்டம் அடிச்சா ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங். போன மாசம் முழுக்க நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? ஒரு கவர்ல ஒரே ஒரு ஓட்டை 2 மில்லிமீட்டர் நகர்ந்தது. அதுக்காகப் பதினேழு டிராயிங்குக்கு ரிவிஷன் போட்டேன்.

பக்கத்து கேபின்ல ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) ஆளுங்க. மத்தியானம் ரெண்டு வரி மாத்தறாங்க, மூணு மணிக்கு மோட்டார் வேற மாதிரி சுத்துது. கண்ணாடி வழியா அதைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கேன். உண்மையைச் சொல்றேன், வயித்தெரிச்சல்தான்.

பைத்தான் ஓரளவு எழுதுவேன். மெஷின் லேர்னிங் கோர்ஸ் ஒண்ணு பாதியில நிக்குது. சி மொழி காலேஜ்ல படிச்சதோட சரி. கேள்வி இதுதான்: எல்லாத்தையும் உதறிட்டு சுத்தமா சாஃப்ட்வேருக்கே போயிடணுமா? எலக்ட்ரானிக்ஸ்ல இன்னொரு பட்டம் வாங்கணுமா? இல்ல, இந்த ஆறு வருஷமும் ஏதாவது ஒரு வகையில செல்லுபடி ஆகுமா?

#2 அரைப்புள்ளி

நான் சுத்தமா தாவின ஆள். பம்ப் டிசைன்ல இருந்து சர்வர் பக்கக் கோடு (புரோகிராம்) எழுதற வேலைக்கு வந்தேன். ராத்திரியும் சனி ஞாயிறுமா பதினாலு மாசம் பிடிச்சது. முதல் வேலையில என்னைவிட ஏழு வயசு சின்னவங்களோட ஒரே படியில நின்னேன், சம்பளமும் இறங்குச்சு. வருத்தமில்லை.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். 'சுவாரசியமான வேலை'ன்னு நினைச்சுட்டு வராதீங்க. பாதி நாள் வேற யாரோ எழுதிட்டுப் போன கோடைப் படிக்கறதுதான் பொழைப்பு. உங்க பதினேழு டிராயிங் மாதிரியே எங்ககிட்டயும் உண்டு, பேர்தான் வேற. உங்களுக்கு மோட்டார் சுத்தறது பிடிச்சிருக்கா, இல்ல கோடு எழுதறது பிடிச்சிருக்கா? மொதல்ல அதைப் பிரிச்சுப் பாருங்க.

#3 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

நல்லா கேட்டீங்க அண்ணே. ரெண்டு நாள் யோசிச்சேன். மோட்டார்தான்.

#4 சுட்ட_கெப்பாசிட்டர்

அப்போ நீ நம்ம கட்சி.

நான் இப்போ ஃபர்ம்வேர் எழுதறேன். படிச்சது மெக்கானிக்கல், ரெண்டாவது பட்டம் எதுவும் கிடையாது. எப்படி வந்தேன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம்.

பழைய கம்பெனியில ஒரு கீல் சோதனை ரிக் இருந்தது. கதவைத் திறந்து திறந்து மூடும், எத்தனை தடவைன்னு எண்ணணும். கவுன்ட்டர் பழுதாயிடுச்சு. நானே ஒரு அர்டுயினோவையும் (புரோகிராம் ஏத்தற சின்ன போர்டு) லிமிட் சுவிட்ச்சையும் (கதவு பட்டா அழுந்தறது) மாட்டி எண்ண வச்சேன். சாயங்காலம் பார்த்தா கணக்கு மூணு மடங்கு காட்டுது. கதவு என்ன மூணு தடவையா மூடுச்சு?

எலக்ட்ரானிக்ஸ் நண்பர் பார்த்த உடனே 'பவுன்ஸ்'னாரு. சுவிட்ச்குள்ள இருக்கற தகடு ஒட்டின உடனே நிக்காது, சில மில்லிசெகண்ட் துள்ளிட்டுத்தான் அடங்கும். ஒவ்வொரு துள்ளலையும் சிப் ஒரு அழுத்தம்னு எண்ணிடும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது ஸ்பிரிங்கும் நிறையும் டாம்பரும்தானே! மூணாவது செமஸ்டர் பாடம். 20 மில்லிசெகண்ட் பொறுத்துப் பார்னு கோடுல எழுதினேன், சரியாயிடுச்சு. மின்சாரம்னா மாயமந்திரம்னு இருந்த பயம் அன்னிக்கே போயிடுச்சு.

கதை அதோட முடியலை. ரிக் ரெண்டு மாசம் ஓடணும். ஐம்பதாவது நாள் காலையில வந்து பார்த்தா பதிவு நின்னு போயிருக்கு. வயர் எல்லாம் ஆட்டிப் பார்த்தேன், ஒண்ணுமில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. நேரத்தை மில்லிசெகண்டா 32 பிட்ல எண்ணினா, 49 நாள் 17 மணி 2 நிமிஷத்துல எண் நிரம்பி திரும்ப சைபருக்கு வந்துடும். 'தொடங்கின நேரம் கூட்டல் இடைவெளி'யை இப்போதைய நேரத்தோட ஒப்பிட்டு எழுதியிருந்தேன். அது அங்கே உடையும். 'இப்போதைய நேரம் கழித்தல் தொடங்கின நேரம்'னு எழுதியிருந்தா குறியில்லாத எண்ல அதுவா சரியாப் போயிருக்கும். ஒரே வரி வித்தியாசம், ஐம்பது நாள் தண்டம்.

வேற வேலைக்கு இன்டர்வியூ போனப்போ இந்த ரெண்டு கதையைத்தான் சொன்னேன். சர்டிஃபிகேட் எதுவும் இருக்கான்னு யாரும் கேக்கலை.

#5 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

அண்ணே, அர்டுயினோவைச் சொன்னா பொம்மைன்னு சிரிக்க மாட்டாங்களா?

#6 சுட்ட_கெப்பாசிட்டர்

சிரிக்கறவன் சிரிக்கட்டும். 2005-ல டிசைன் படிக்கற மாணவர்களுக்காகன்னு இத்தாலியில பண்ணின சாமான் அது, தொடங்கறதுக்கு அதைவிட லேசானது இல்லை. ஆனா அங்கேயே குடியிருக்காதே. அடுத்தவன் எழுதின லைப்ரரியை (ரெடிமேட் கோடு) கூப்பிட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஏறாது.

ஒரு எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஏதாவது ஒரு சென்சார். சென்சாரோட டேட்டாஷீட்டை (கம்பெனி தர்ற விவரக் குறிப்பு) பக்கத்துல வச்சுக்கிட்டு, லைப்ரரி இல்லாம, அதுல இருந்து ஒரே ஒரு எண்ணை சி மொழியில வெளியே எடு. ஒரு வாரம் ஆகும். மண்டை காயும். அந்த ஒரு வாரத்துல கத்துக்கறது ஆறு மாச கோர்ஸ்ல வராது.

மெக்கானிக்கல் ஆளுக்கு ஒரு டிப்ஸ். ஐ2சி பஸ்ல (சிப்புகள் ஒண்ணோட ஒண்ணு பேசற கம்பி) முதல்ல எல்லாரும் மாட்டறது புல்-அப் ரெசிஸ்டர்ல. அந்தக் கம்பியைச் சிப்புகளால கீழே இழுக்க மட்டும்தான் முடியும், மேலே தள்ள முடியாது. உள்பக்கம் இழுக்க மட்டும் கைப்பிடி இருக்கற கதவுன்னு வச்சுக்கோ. திரும்பிப் போக ஸ்பிரிங் வேணும். அந்த ஸ்பிரிங்தான் புல்-அப். மாட்டலைன்னா கதவு திறந்தது திறந்தபடி நிக்கும். ரொம்ப லேசான ஸ்பிரிங்னா மெதுவாத் திரும்பும், அதுக்குள்ள அடுத்த பிட் வந்துடும். வயர் நீளமாக ஆக கெப்பாசிட்டன்ஸ் கூடும், அதாவது கதவு கனமாகும். பொதுவா 4.7 கிலோ ஓம்ல தொடங்குவாங்க. பாடப்புத்தகத்துல இப்படிப் போட்டிருக்க மாட்டாங்க, ஆனா எனக்கு இப்படித்தான் புரிஞ்சது.

#7 வலைக்கண்ணி

ஹார்டுவேர் பக்கம் மட்டுமே பேசுகிறீர்கள். இன்னொரு வாசலும் இருக்கிறது: இன்ஜினீயர்கள் பயன்படுத்தும் மென்பொருளையே எழுதுவது. கேட் (கணினியில் டிராயிங் போடுவது), சிமுலேஷன், சிஎன்சி மெஷினுக்கு டூல்பாத் (வெட்டும் பாதை) போடுவது எல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியவைதானே?

நான் ஐந்து வருடம் எஃப்இஏ (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அது எப்படி வளையும் என்று கணக்கிடுவது) செய்துகொண்டிருந்தேன். இப்போது அந்தக் கணக்கைப் போடும் சால்வர் எழுதும் குழுவில் இருக்கிறேன். உள்ளே வந்தபோது சி++ எனக்குச் சுமாராகத்தான் வரும். குழுவில் என்னைவிட அழகாகக் கோடு எழுதுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் ஒரு கான்டிலீவர் பீமின் (ஒரு முனை மட்டும் பிடித்த உத்தரம்) தொய்வு கணக்கில் பாதியாக வந்தபோது, அவர்கள் கோடில் பிழை தேடினார்கள். நான் மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளின் வலையைப் பார்த்தேன். தடிமனுக்குக் குறுக்கே ஒரே ஒரு நேரியல் எலிமென்ட். வளைய வேண்டிய இடத்தில் அது விறைத்துக்கொண்டு நிற்கும், ஷியர் லாக்கிங். கோடு சரியாகத்தான் இருந்தது. கையால் போடும் தொய்வுச் சூத்திரமான பிஎல்-கியூப் பை 3இஐ தெரிந்தவர் அந்த அறையில் இருந்ததுதான் அன்று உதவியது.

கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி சொல்கிறேன். முதலில் ஒரு 2டி டிரஸ் (கம்பிச் சட்டம்) சால்வர் எழுதுங்கள், நூறு வரிக்குள் முடியும். பிறகு அதை ஒரு லட்சம் மாறிகளுக்கு ஓட்டிப் பாருங்கள். முழு மேட்ரிக்ஸாக வைத்தால் ஒரு லட்சம் பெருக்கல் ஒரு லட்சம், ஒவ்வொன்றுக்கும் 8 பைட், மொத்தம் 80 ஜிபி. கணினி படுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் சைபர் இல்லாதவை சில டஜன்தான் இருக்கும். வரிசைக்கு 80 என்று வைத்தாலும் எண்களுக்கு 64 எம்பி போதும். ஸ்பார்ஸ் சேமிப்பு (சைபர் அல்லாதவற்றை மட்டும் வைப்பது) ஏன் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, கை சுட்ட உடனே புரிந்துவிடும்.

யூனிட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். 1999-இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு-செகண்டில் கொடுத்ததை இன்னொன்று நியூட்டன்-செகண்ட் என்று எடுத்துக்கொண்டதால். வேரியபிள் பெயரிலேயே யூனிட்டை எழுதுங்கள் என்று புதிதாக வருகிறவர்களை நான் நச்சரிப்பதற்குக் காரணம் அதுதான்.

#8 பேரிங்_சத்தம்

எல்லாரும் ஜெயிச்ச கதையாவே சொல்றீங்க. என் கதையையும் போட்டு வைக்கிறேன்.

டேட்டா சயின்ஸ்னு ஒரே ஆர்ப்பாட்டமா இருந்த நேரத்துல வேலையை விட்டேன். ஆன்லைன்ல வாங்கின சர்டிஃபிகேட்டை எண்ணினா ஒரு ஃபைல் நிறையும். வீட்டு விலை கணிக்கிறது, கையெழுத்து எண்ணைப் படிக்கிறதுன்னு எல்லாரும் பண்ற அதே புராஜெக்ட். பத்து மாசம் ஒரு பதில் வரலை. எனக்கே என்னைப் பார்த்தா அலுத்துப் போச்சு. விடறதுக்கு முன்னாடி யோசிங்கப்பா. வேலையில இருந்துக்கிட்டே தேடறதும், வெளியில உட்கார்ந்து தேடறதும் ஒண்ணில்லை.

கடைசியில என்னைக் காப்பாத்தினது நான் தூக்கிப் போட்டுட்டு வந்த சமாச்சாரம்தான். ஒரு இன்டர்வியூல அதிர்வு டேட்டா ஒண்ணைக் கையில கொடுத்து, என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. செகண்டுக்கு 1000 சாம்பிள். ஸ்பெக்ட்ரம்ல 140 ஹெர்ட்ஸ்ல பெரிய முள்ளு. எனக்கு முன்னாடி வந்தவங்க நேரா மாடல் போட ஆரம்பிச்சிருக்காங்க. நான் மெஷின் என்ன வேகம், எத்தனை பல்லு, பேரிங்ல எத்தனை குண்டுன்னு கேட்டேன். கணக்குப் போட்டா 140-ல அதிர எதுவுமே அந்த மெஷின்ல இல்லை. ஆனா கியர் பல் மோதற அதிர்வெண் 860. 1000-ல இருந்து 860 போனா 140. சாம்பிள் வேகம் பத்தாததால மேல இருந்தது மடங்கி கீழ வந்து உட்கார்ந்திருக்கு. அலையாசிங். முன்னாடி ஃபில்டரும் போடலை. டேட்டாவே தப்பு, இதுல மாடல் போட்டு என்ன பண்ண?

இப்போ மெஷின் பழுதாகறதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற குழுவுல இருக்கேன். அந்த ஃபைல் எங்கே கிடக்குன்னுகூடத் தெரியலை.

#9 ஷாப்ஃப்ளோர்_சித்தப்பா

தம்பி ஸ்பேனர், ஏன் எல்லாரும் மெக்கானிக்கலை 'விட்டுட்டு' போறதைப் பத்தியே பேசறாங்கன்னு தெரியலை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் பண்ற இடத்துல மெக்கானிக்கல் ஆள் இல்லாம எப்படி? பெட்டி, சூடு, சீல், டிராப் டெஸ்ட், கனெக்டர், கேபிள் எல்லாம் யாரு பார்க்கறது?

ஒரு உதாரணம். ஒரு தடவை எங்க போர்டுங்க கஸ்டமர்கிட்ட போய் ரெண்டு மாசத்துல செத்துட்டு வந்துச்சு. எலக்ட்ரிக்கல் பசங்க சர்க்யூட்டை மூணு வாரம் குடைஞ்சாங்க. எடுத்துப் பார்த்தா செத்தது எல்லாமே மூலை ஸ்க்ரூ பக்கத்துல இருக்கற ஒரே செராமிக் கெப்பாசிட்டர். நான் இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜை எடுத்துக்கிட்டுப் போனேன். நாலு பாஸ்ல (ஸ்க்ரூ ஏறற மேடு) ஒண்ணு 0.3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கு. ஸ்க்ரூவை முறுக்கும்போது போர்டு வளையுது. செராமிக் வளையுமா? உள்ளே மயிரிழை விரிசல். டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். அப்புறம் ஈரம் ஏறி ஒரு நாள் ஷார்ட். கெப்பாசிட்டரைத் துளையை விட்டுத் தள்ளி, வளையற திசைக்குக் குறுக்கே திருப்பி வச்சோம். பாஸ் உயரத்துக்கு டாலரன்ஸ் இறுக்கினோம். அதுக்கப்புறம் வரலை.

சூடும் அப்படித்தான். 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கற லீனியர் ரெகுலேட்டர்ல அரை ஆம்பியர் ஓடினா 3.5 வாட் வெறும் சூடு. வாட்டுக்கு 50 டிகிரி ஏறும்னு டேட்டாஷீட் சொன்னா? 175 டிகிரி, அதுவும் அறை வெப்பத்துக்கு மேல. இந்தக் கணக்கு உனக்குத் தூக்கத்துல வரும். போர்டு போடற பையனுக்கு எரிஞ்சப்புறம்தான் வரும்.

போர்டு வரையற கைகேட் சாஃப்ட்வேர் இலவசம்தான், இறக்கிக்கோ. ஒரு சின்ன போர்டு நீயே போடு. அதை 3டியா எடுத்து உன் கேட்ல வச்சு இடிக்குதான்னு பாரு. ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்ச ஆள் கிடைக்கறது குதிரைக்கொம்பு.

#10 அரைப்புள்ளி

சித்தப்பா சொல்றதுல ஒரு இடத்துல எனக்கு ஒப்புதல் இல்லை. 'ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள்'னு கேக்க நல்லாத்தான் இருக்கும். சில இடத்துல அந்த ஆளை ரெண்டு பக்கமும் தங்க ஆளா நினைக்க மாட்டாங்க. பிரமோஷன் வர்றப்போ 'நீ மெக்கானிக்கல்தானே'ன்னு இவங்க, 'நீ இப்போ அங்கேதானே'ன்னு அவங்க. நான் சுத்தமா வெளியேறினதுக்கு அதுவும் ஒரு காரணம். சேரும்போதே யார் கீழே வேலை, அடுத்த படி எதுன்னு கேட்டு வச்சுக்கணும்.

#11 ஷாப்ஃப்ளோர்_சித்தப்பா

அது மெய்தான். எனக்கும் நாலு வருஷம் அப்படிப் போச்சு. மறுக்கலை.

#12 இன்னும்_படிக்கிறேன்

நடுவுல குறுக்கிடறேன், மன்னிக்கணும். நான் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். இப்பவே பிராஞ்ச் மாத்திக்கறதா?

#13 வலைக்கண்ணி

மாற்ற முடிந்தால், உண்மையிலேயே பிடித்திருந்தால், மாற்றிக்கொள்ளுங்கள். அதில் தியாகம் ஒன்றும் இல்லை. முடியாவிட்டால் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், நியூமரிக்கல் மெத்தட்ஸ் இரண்டையும் பரீட்சைக்காகப் படிக்காமல் கோடாக எழுதிப் பாருங்கள். கிட் (Git, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பழகுங்கள். தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன், இங்கே ஸ்பேனரின் கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

#14 பத்தாம்நம்பர்_ஸ்பேனர்

எல்லாருக்கும் நன்றி. கோர்ஸை மூடிட்டேன். வேலையை விடலை (பேரிங் அண்ணனுக்குக் கும்பிடு).

ஒரு யோசனை. எங்க வேலையில போல்ட் லூஸ் ஆகறது தீராத தலைவலி. 1969-ல யுங்கர்ங்கறவர் காட்டின சோதனை உண்டு: போல்ட்டைக் குறுக்குவாக்குல ஆட்டிவிட்டா இறுக்கம் எப்படிக் குறையுதுன்னு பார்க்கிறது. அதையே குட்டியா வீட்டுல பண்ணலாம்னு இருக்கேன். ஒரு மோட்டார், அதோட சுத்தலை ஆட்டமா மாத்த எக்சென்ட்ரிக், போல்ட் தலைக்கு அடியில இறுக்கத்தை அளக்க லோடு செல், அதைப் படிக்க எச்எக்ஸ்711 சிப். லைப்ரரி இல்லாம நானே படிக்கிறேன். சரியா வருமா?

#15 சுட்ட_கெப்பாசிட்டர்

அருமை. இதைவிட நல்ல புராஜெக்ட் நான் சொல்லியிருக்க மாட்டேன். உடையற ஒவ்வொரு இடத்தையும் தேதி போட்டு எழுதி வை.

#16 பத்தாம்நம்பர்_ஸ்பேனர் (நாலு மாசம் கழிச்சு)

இழையைத் தூசி தட்டறேன்.

ரிக் ஓடுது. உடைஞ்சதுல ரெண்டை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு: மோட்டார் 750 ஆர்பிஎம், அதாவது 12.5 ஹெர்ட்ஸ். லோடு செல் கிராஃப்ல 2.5 ஹெர்ட்ஸ்ல அழகா ஒரு அலை. பிராக்கெட் ஆடுதுன்னு நினைச்சு ஒரு சனிக்கிழமை முழுக்க ரிப் வெல்டு பண்ணினேன். அசையலை. அப்புறம் #8 ஞாபகம் வந்தது. சிப் செகண்டுக்கு 10 தடவைதான் படிக்குது. 12.5-ல 10 போனா 2.5! என் போர்டுல படிக்கிற வேகத்தை முடிவு பண்ற ரேட் பின்னைக் கிரவுண்டோட கட்டி வச்சிருந்தாங்க. அதைத் தூக்கி 80 ஆக்கின உடனே அலை தன் இடத்துக்குப் போயிடுச்சு. வெல்டு பண்ணின ரிப் இன்னும் அங்கேயே இருக்கு, அவமானச் சின்னமா.

ரெண்டு: எப்பவாவது ஒரு ரீடிங் வானத்துக்குப் பறக்கும். மணிக்கு ஒண்ணு, சில நாள் அதுவும் இல்லை. டேட்டாஷீட்டை மூணாவது தடவை படிக்கும்போதுதான் பார்த்தேன்: ஒவ்வொரு பிட்டையும் எடுக்க நான் ஏத்தி இறக்கற கிளாக் கம்பி 60 மைக்ரோசெகண்டுக்கு மேல உயர்ந்து நின்னா சிப் தூங்கப் போயிடும். நான் பிட் எடுத்துக்கிட்டு இருக்கும்போது நடுவுல மோட்டாரோட இன்டரப்ட் (நடக்கற வேலையை நிறுத்திட்டு முதல்ல ஓடற கோடு) வந்து என் கையைப் பிடிச்சுக்குது, கிளாக் அப்படியே மேலேயே நிக்குது. கிளாக் உயர்ந்திருக்கற அந்தச் சில மைக்ரோசெகண்ட் மட்டும் இன்டரப்ட்டை மூடினேன். பதினோரு நாளா ஒண்ணுகூடப் பறக்கலை.

பக்கத்து கேபின்ல ஒரு இடம் காலியாச்சு. இன்டர்வியூன்னு கூப்பிட்டாங்க. நாப்பது நிமிஷம் இந்த ரெண்டாவதைத்தான் போர்டுல வரைஞ்சு பேசினோம். ஆரம்பத்துலயே ஏன் டைமர்ல ஹார்டுவேரா கிளாக் விடலைன்னு கேட்டாங்க. தெரியலைன்னேன். சொல்லிக் கொடுத்தாங்க. அடுத்த ஒண்ணாம் தேதியில இருந்து அங்கேதான்.

அரைப்புள்ளி அண்ணே, யார் கீழேன்னு கேட்டுட்டேன். எழுத்துலயே வாங்கிட்டேன்.

#17 அரைப்புள்ளி

சபாஷ்.

#18 பேரிங்_சத்தம்

அந்த ரிப்பை அறுத்துடாதீங்க.

#19 பத்தாம்நம்பர்_ஸ்பேனர் (மூணு வாரம் கழிச்சு)

அந்தக் கவர் ஓட்டை மறுபடியும் 2 மில்லிமீட்டர் நகருது. இந்தத் தடவை நகர்த்தச் சொன்னது நான். கனெக்டர் லாட்ச் இடிக்குது, விரல் போக இடமில்லை. பழைய சீட்டுல இப்போ புதுசா ஒரு பொண்ணு இருக்காங்க. விஷயத்தைச் சொன்னேன், ஒண்ணும் பேசலை. கண்ணாடி வழியா முறைச்சுட்டு இருக்காங்க.

#20 ஷாப்ஃப்ளோர்_சித்தப்பா

பதினேழு டிராயிங்ல எட்டையாவது நீ உட்கார்ந்து போட்டுக் கொடு தம்பி.